அந்த 47 சதவீதத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன்

நேற்று முன்தினம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்த விவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் அதன் துண்டுக் காணொளி இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையுள்ள பெண்களின் வேலையின்மை விகிதம் 47.1 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் அதே வயதுள்ள ஆண், பெண் எல்லோரையும் சேர்த்த விகிதமே 2.6 சதவீதம்தான் என்று வரைபடத்தில் இரண்டு பட்டைகளை அருகருகே நிறுத்திவிட்டு, படிக்கவைத்தே பெண்களைச் சோம்பேறிகளாக்கிய மாநிலம் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். எங்கள் குடும்பக் குழுவில் அதைப் பகிர்ந்தவர் என் சொந்தச் சித்தப்பா. அதற்குக் கைதட்டியவர்கள் மூன்று பேர்.

எண்கள் பொய்யல்ல. 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இருப்பவைதாம் அவை. ஆனால் வேலையின்மை விகிதம் என்பது வேலை இல்லாதவர்களின் விகிதம் அல்ல. வேலையில் இருப்போரையும், வேலை தேடுகிறேன், கிடைத்தால் செய்வேன் என்று சொல்வோரையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் இரண்டாம் வகையினர் எத்தனை பேர் என்று பார்ப்பதே அந்த விகிதம். தேடித் தேடிச் சலித்து அடுப்படிக்குத் திரும்பிவிட்டவள் அந்தக் கணக்கிலேயே இல்லை. குடும்ப வயலிலோ கடையிலோ ஒரு ரூபாய் கூலி இல்லாமல் உழைக்கிறவள் வேலையில் இருப்பவள். ஆண்டில் 30 நாள் ஏதாவது ஒரு வேலைக்குப் போனவளும் வேலையில் இருப்பவளே. இந்தியாவில் வேலையில் இருப்பதாகக் கணக்கிடப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவர்கள் என்று அதே கணக்கெடுப்புத்தான் சொல்கிறது. விகிதம் குறைவு என்றால் வேலை இருக்கிறது என்று பொருளல்ல. அதை அந்த அரங்கில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

நான் மார்த்தாண்டம் பக்கம் பிறந்து நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டவள். எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். பி.ஏ. படித்த என் அக்கா ஊரிலேயே இருக்கிறாள், அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறாள். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்து இறங்கினால் வேலை, இல்லையென்றால் இல்லை. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சாயங்காலம் வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிச் சாம்பலால் தேய்த்த பிறகுதான் பிள்ளைக்குச் சோறு பிசைவாள். அந்தக் கணக்கெடுப்பின்படி அவள் வேலை உள்ளவள், நான் வேலையில்லாதவள். அவளால் தமிழ்நாட்டின் விகிதம் குறைகிறது, என்னால் கேரளத்தின் விகிதம் உயர்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது களியக்காவிளைச் சோதனைச் சாவடி மட்டுமே. இரண்டு பேரில் யாருக்குப் படிப்புக்கேற்ற வேலை இருக்கிறது என்று அந்தப் பட்டைப்படம் சொல்லுமா?

கிடைத்த வேலைக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாதக் கடைசியில் சம்பளப் பதிவேட்டில் 21,000 ரூபாய் என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உறையில் 7,500 ரூபாய் தருவார்கள். பேருந்துக் கட்டணம் போக மிஞ்சியதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. குறையைச் சொன்ன மாதமே நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

அரசு வேலைக்கே காத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நானும் தேர்வாணையத் தேர்வுகள் எழுதுகிறேன். ஆனால் காத்திருப்பது சோம்பல் என்றால், 2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் பட்டினி கிடந்த பெண்களை என்னவென்று சொல்வீர்கள்? காவலர் பணிக்கான தேர்வில் வென்று தரவரிசைப் பட்டியலில் இடம் பிடித்தவர்கள் அவர்கள். அந்தப் பட்டியல் காலாவதியாகும் நாள் நெருங்கியபோது வேறு வழியின்றித் தெருவில் உட்கார்ந்தார்கள். வளைகுடாப் பணம் இருக்கிறது, அதனால் வேலைக்குப் போகமாட்டார்கள் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் வளைகுடாவுக்குப் போனவர் எவரும் இல்லை.

அதே கேரளத்தில் அதே வயதுள்ள ஆண்களின் வேலையின்மை விகிதம் 19.3 சதவீதம். அதே பள்ளிகளில் படித்து, அதே தேர்வுகளை எழுதியவர்கள்தாம் அவர்களும். அவர்களைச் சோம்பேறிகள் என்று அந்த அரங்கில் யாரும் சொல்லவில்லை. ஓர் ஆண் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து பேருந்து ஏறினால் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பெயின்ட் அடிக்கப் போனாலும் ஆட்டோ ஓட்டினாலும் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. எனக்கு வந்த வேலைகளில் இரண்டு, திரும்பி வர இருட்டிவிடும் என்பதற்காகவே கைவிட்டுப் போனவை.

எங்கள் தெருவில் அந்தக் கணக்கெடுப்புக்காகத் தேர்வான வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. கையில் டேப்லெட்டுடன் வந்தவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து, என் முறை வந்தபோது மாமியாரைப் பார்த்தார். "அவ வீட்டுலதான் இருக்கா, வேலைக்கு ஒண்ணும் போகல்ல" என்றார் அத்தை. அவர் அதைத் தீங்காகச் சொல்லவில்லை, கண்ணால் காண்பதைச் சொன்னார். நான் ஈரக் கையோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்து, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எப்போதிலிருந்து, எப்படியெல்லாம் தேடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையின் பதிலோடு விட்டிருந்தால் நான் வீட்டு வேலை செய்கிறவளாகப் பதிவாகி, விகிதத்துக்கு வெளியே நின்றிருப்பேன். கேரளத்தின் பெயரும் அந்த அளவுக்குக் கெடாமல் இருந்திருக்கும். எத்தனை மாநிலங்களில் எத்தனை பெண்களுக்காக வாசலிலேயே வேறு யாரோ பதில் சொல்லி முடித்திருப்பார்கள் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா, உங்கள் மகளும் பொறியியல் முடித்து மூன்று ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறாள். அவளைப் பற்றி உங்கள் வாசலில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவள் சோம்பேறி என்றா?

கணக்கெடுக்க வந்த அன்று எனக்கு 28 வயது. இப்போது 31. இனி வரும் இளைஞர் பட்டியல்களில் நான் இருக்கமாட்டேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் ஒரு தேர்வு எழுதுகிறேன்.