எஞ்சின் பார்க்கணுமா, கூட்ஸ் வண்டியைப் பாருங்கள்

எங்கே பார்த்தாலும் வந்தே பாரத் ரீல்ஸ். போடட்டும், அழகான வண்டிதான், அதுவும் நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. ஆனால் எஞ்சின் பைத்தியம் பிடித்தவனுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? தனியாக எஞ்சினே கிடையாது, மோட்டார் எல்லாம் பெட்டிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. என் கட்சி எப்போதும் கூட்ஸ் கட்சிதான்.

காரணம் சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு 'லிங்க்' என்று ஒன்று உண்டு, எந்த ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கிற இடம்) எஞ்சின் எந்த வண்டியை இழுக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவானது. சென்னையிலிருந்து மேற்கே போகிற வண்டி என்றால் ராயபுரமோ ஈரோடோ என்று வண்டி வருவதற்கு முன்பே ஊகித்துவிடலாம். எப்போதாவது லிங்க் மாறி வேறு ஷெட் எஞ்சின் வந்தால் அன்றைக்கு எங்கள் கூட்டத்துக்குத் தீபாவளி, 'ஆஃப்லிங்க்' என்று போட்டோ பறக்கும். கூட்ஸில் அந்தக் கட்டுப்பாடு ரொம்பக் குறைவு. அரக்கோணத்தில் நின்றால் நாக்பூர் பக்கத்து அஜ்னி, ஜார்க்கண்டின் கோமோ, செகந்திராபாத்தின் லாலாகூடா, விசாகப்பட்டினம் என்று எந்த ஊர் எஞ்சின் வேண்டுமானாலும் வரும். பக்கவாட்டில் ஷெட் பெயர் எழுதியிருக்கும், அதைப் படித்ததும் இது எந்தச் சுரங்கத்து நிலக்கரியை இழுத்துக்கொண்டு எங்கெல்லாம் சுற்றி இங்கே வந்து சேர்ந்ததோ என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். எஞ்சின் வகைப் பெயரில் முதல் எழுத்து டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ். அடுத்தது ஏ என்றால் மின்சாரம், டி என்றால் டீசல். மூன்றாவது எழுத்து பி என்றால் பயணிகள் வண்டிக்கு, ஜி என்றால் சரக்குக்கு. ஆக வாப்-7 (WAP-7) பயணிகளுக்கு, வாக்-9 (WAG-9) சரக்குக்கு. உண்மையில் இரண்டும் அண்ணன் தம்பி. ஏ.பி.பி. என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வந்த வாக்-9-இன் பல்சக்கர விகிதத்தை மாற்றித்தான் சித்தரஞ்சன் எஞ்சின் ஆலையில் வாப்-7 செய்தார்கள். இரண்டுக்கும் சுமார் 6,000 குதிரைசக்திக்கு மேல். ஒன்று வேகத்துக்கு, மற்றது இழுவைக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணைப் பார்த்தும் பிடிக்கலாம்: 31-இல் ஆரம்பிக்கிற ஐந்து இலக்கம் என்றால் வாக்-9, 22 என்றால் வாப்-4. எல்லாம் நாலு நாள் பார்த்தால் தானாக வந்துவிடும், மனப்பாடம் எல்லாம் வேண்டாம்.

"இப்ப எல்லாம் கரண்ட் எஞ்சின்தான், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, ஆல்கோ காலம் மாதிரி வருமா?" என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆல்கோ டீசல் எஞ்சின் சத்தத்துக்கு நானும் அடிமைதான். 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி, சும்மா நிற்கும்போதே பிளாட்பாரம் அதிரும், கிளம்பும்போது கக்குகிற கரும்புகை வேறு. அதை வடிவமைத்த அமெரிக்கக் கம்பெனி 1969-லேயே மூடிவிட்டது, வாரணாசியில் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தார்கள். ஆனால் மின்சார எஞ்சினுக்குச் சத்தமே இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறக்குறைய 60 நிலக்கரி வேகனோடு நிற்கிற வாக்-9 மெல்ல நகரும்போது அடித்தொண்டையிலிருந்து சுருதி படிப்படியாக ஏறுகிறதே, அதைக் கேட்டிருக்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்த வகை எஞ்சின் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனால் சில வினாடிதான், எண்ணைப் படிப்பதற்குள் கடைசிப் பெட்டி போய்விடும். கூட்ஸை லூப் லைனில், அதாவது மெயின் லைனை விட்டு ஒதுங்கி நிற்கிற பக்கத்துப் பாதையில் போட்டு நிறுத்தி வைப்பார்கள், பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ் எல்லாம் தாண்டிப் போகிற வரைக்கும் அது பாவம் அங்கேயே நிற்கும். நமக்கு அதுதான் லாபம். எண், ஷெட், எஞ்சின் ஒன்றா ஜோடியா, பின்னால் இருப்பது டேங்கரா கன்டெய்னரா, எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற பயணிகள் பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, கார் ஏற்றிப் போகிற வண்டியாக மாற்றியிருக்கிறார்களே, அது வந்தால் நான் எஞ்சினைக்கூட மறந்துவிடுவேன்.

தண்டவாளத்தில் இறங்காதீர்கள், வளைவில் எட்டிப் பார்த்து வீடியோ எடுக்காதீர்கள். பத்து ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட், இரண்டு மணி நேரம் செல்லும். கூட்ஸ் எப்போது வரும் என்று பயணிகளுக்கான எந்த ஆப்பும் சொல்லாது, அதனால் போகும்போதே இரண்டாவது டிக்கெட்டுக்கும் சேர்த்து சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள்.