மேலுறையைக் கத்தரித்து அனுப்பவும்

அக்கா நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி ஒரு நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவர். அவர்களுடைய அப்பா இலக்கணம் கற்பித்தவர் என்பதால், தொலைபேசியில் சண்டை போடும்போதுகூட இருவருக்கும் எழுவாயும் பயனிலையும் தவறுவதில்லை. அன்று அழைத்தவர் தம்பி.

தம்பி: அக்கா, என் மகளை, அதாவது உன் மருமகளை, நீதான் கண்டிக்க வேண்டும். இன்று காலை குளியலறைக்குள் போனால், ஒரு சோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து சோப்புகள் உறையில்லாமல், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. உறைகள் மட்டும் அவளுடைய கணக்கு நோட்டுக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. எதற்கு என்று கேட்டால், சேர்த்து அனுப்பினால் இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரம் தருவார்களாம்.

அக்கா: எத்தனை உறைக்குத் தருகிறார்கள்?

தம்பி: நான் கண்டிக்கச் சொன்னால் நீ நிலவரம் விசாரிக்கிறாயே.

அக்கா: விவரம் தெரியாமல் எப்படிக் கண்டிப்பது?

தம்பி: இருபது உறைகள் கேட்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று சேர்ந்திருக்கின்றன.

அக்கா: கடைசித் தேதியைப் பார்த்தாயா? முழு உறையையும் கேட்கிறார்களா, பெயர் அச்சிட்ட முகப்பு மட்டும் போதுமா, பார்கோடு இருக்கும் பக்கம் வேண்டுமா என்று பார்த்தாயா? புள்ளிக்கோட்டின் மேல் கத்தரிக்க வேண்டுமா, புள்ளிக்கோட்டுக்கு வெளியே கத்தரிக்க வேண்டுமா என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு வா.

தம்பி: அக்கா, இத்தனை வருடம் ஆகியும் நீ மாறவில்லை. நமது வீட்டில் எந்தப் பல்பொடி வாங்குவது, எந்தத் தேயிலை வாங்குவது என்பதையெல்லாம் அம்மா முடிவு செய்ததாக அம்மாவே நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் எந்த டப்பாவின் மூடிக்குப் பரிசு உண்டோ அதுதான் வீட்டுக்குள் வந்தது.

அக்கா: நான் நிர்வாகம் செய்தேன், நீ தின்றாய். அந்த ஏற்பாட்டில் உனக்கு என்ன குறை?

தம்பி: எனக்குப் பிடிக்காத இஞ்சி பிஸ்கட்டைப் பரிசு முடியும்வரை தின்றவன் நான். வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று சொல்லிச் சொல்லியே ஊட்டினாய்.

அக்கா: பிஸ்கட்டைத் தின்றதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்த விதத்துக்காகத்தான் சொல்கிறேன். ஓரத்தில் இருக்கும் நாடாவை இழுத்துத் திறந்தால் முகப்பு சேதமாகாது என்று எத்தனை தடவை காட்டிக் கொடுத்தேன்! நீ இரண்டு கையாலும் பிடித்து நடுவில் கிழித்துவிடுவாய். கம்பெனியின் பெயர் பாதி இந்தக் கையிலும் பாதி அந்தக் கையிலும் நிற்கும். நான் பசை தடவி, அடியில் காகிதம் வைத்து, எழுத்தோடு எழுத்தைப் பொருத்தி அனுப்பினால், ஒட்டுப்போட்ட உறைகள் செல்லாது என்று அச்சடித்த கடிதம் வரும்.

தம்பி: கிழிந்த ரூபாய் நோட்டைக்கூட வங்கியில் மாற்றிக் கொடுப்பார்கள், பிஸ்கட் உறைக்கு அந்த இரக்கம்கூட இல்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம் எனக்கு வெகுநாளாக இருக்கிறது. உறை ஒட்டும் நோட்டு ஒன்று எனக்குக் கொடுத்தாயே, அதில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு இரண்டில் நீயே உறை ஒட்டிக் கொடுத்திருந்தாய். கம்பெனி கேட்டது பத்துதான் என்று பிற்பாடு தெரிந்தது. பத்துக் கட்டம் போட்டுக் காலியாகக் கொடுத்திருக்கலாமே?

அக்கா: காலியாகக் கொடுத்திருந்தால் நீ இஞ்சி பிஸ்கட்டைத் தொட்டிருக்கவே மாட்டாய். இதை நான் என் அனுபவத்தில் கண்டுபிடித்தேன். பிற்பாடு அமெரிக்காவில் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான கட்டுரை அது. கார் கழுவும் நிலையம் ஒன்றில் வாடிக்கையாளர்கள் 300 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள காலி அட்டை கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம் போட்டு, இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இரு தரப்பாரும் காரைக் கழுவ வேண்டியது எட்டுத் தடவைதான். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள். முத்திரை வாங்கியவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள்.

தம்பி: அப்படியானால் ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய பரிசோதனையை நீ என் வயிற்றில் நடத்தியிருக்கிறாய்.

அக்கா: முடிவு சரியாகத்தானே வந்தது. தொலைநோக்கி கிடைத்ததா இல்லையா?

தம்பி: அதைத் தொலைநோக்கி என்று நீ ஒருத்திதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். விளம்பரப் படத்தில் ஒரு கப்பல் தலைவன் அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றான். தபாலில் வந்தது என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. பெரிதாகக் காட்டும் பக்கம் எது என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு பக்கத்திலும் அதே அளவில்தான் இருந்தார். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததுதான் வித்தியாசம். அவரோ, இந்தப் பையன் ஏன் என்னை முறைக்கிறான் என்று அப்பாவிடம் புகார் சொல்லிவிட்டார்.

அக்கா: படத்தில் உள்ள அளவு உண்மை அளவைக் குறிக்காது என்று அதிலேயே போட்டிருந்தார்கள். நான் வாசித்தேன், உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ தின்பதை நிறுத்தியிருப்பாய்.

(இந்த இடத்தில் தம்பி சற்று நேரம் பேசவில்லை. தணிக்கைக்காரர்கள் பேசாமல் இருந்தால் எதையோ கூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.)

தம்பி: சரி, தொலைநோக்கியை விட்டுவிடுவோம். மிதிவண்டி என்ன ஆயிற்று?

அக்கா: மிதிவண்டியைப் பற்றிப் பேச உனக்கு வாய் வருகிறதா? ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஓர் எழுத்துச் சீட்டு வரும். கம்பெனிப் பெயரின் ஆறு எழுத்துகளையும் சேர்த்தால் மிதிவண்டி. ஐந்து எழுத்துகள் நம்மிடம் குவிந்து கிடந்தன. நான்காவது எழுத்து மட்டும் பள்ளிக்கூடம் முழுவதும் ஒருவரிடமும் இல்லை. அந்த எழுத்து உனக்குக் கிடைத்தது. அதை வைத்து நீ பட்டத்தின் கிழிசலை ஒட்டினாய். பட்டம் அறுந்து, நமது மிதிவண்டி கண்ணுக்கு எட்டாத தூரம் பறந்து போனது.

தம்பி: நான் குழந்தை, அக்கா. அந்தச் சீட்டு வழவழப்பாக நல்ல காகிதத்தில் இருந்தது. ஒன்று சொல்கிறேன், இந்தச் சூட்சுமம் எனக்கு இப்போது தொழில்முறையில் புரிகிறது. எத்தனை மிதிவண்டி கொடுப்பதென்று முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த ஓர் எழுத்தை அத்தனை மட்டும் அச்சடிப்பார்கள். மற்ற ஐந்தையும் தாராளமாக இறைத்துவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் மிதிவண்டிக்கு ஒரே ஓர் எழுத்து தூரத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். உறை சேர்ப்பதிலும் இதே கணக்குதான். சேர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் பாதியிலேயே மறந்துவிடுவார்கள். சிலர் தேதியைத் தவறவிடுவார்கள். சிலர் முழுவதும் சேர்த்துவிட்டுத் தபால்தலை வாங்கச் சோம்பல்படுவார்கள். எத்தனை பேர் உண்மையில் அனுப்புவார்கள் என்று மதிப்பிட்டு, அந்தத் தொகையை மட்டும் பேரேட்டில் ஒதுக்கி வைத்தால் போதும்.

அக்கா: நீ கம்பெனிக்காரனாகவே பேசுகிறாய். ஆனால் அவர்களும் ஏமாந்தது உண்டு. இந்த வழக்கம் தொடங்கியதே, உறைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறானோ என்று ஜனங்கள் சந்தேகப்பட்டதால்தான் என்பார்கள். அந்தக் காலத்தில் கடையில் சோப்பை நீளக் கட்டியிலிருந்து அறுத்து நிறுத்துக் கொடுப்பார்கள். நியூயார்க்கில் பேபிட் என்பவர் துண்டு போட்டு உறை சுற்றி விற்றார். உறைக்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று, சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு வண்ண அச்சுப் படம் கொடுத்தார். இது 1851-ஆம் ஆண்டு சமாசாரம்.

தம்பி: படம் பரவாயில்லை, சுவரில் மாட்டலாம்.

அக்கா: படத்தோடு நின்றார்களா? 1947-இல் கிக்ஸ் என்ற தானியத்தின் அட்டைப் பெட்டி மேல்மூடி ஒன்றையும் 15 சென்ட்டையும் அனுப்பினால், அணுகுண்டு மோதிரம் வந்தது. குண்டு வடிவத்தில் இருக்கும். பின்பக்கத்துச் சிவப்பு மூடியைக் கழற்றி, இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்தால், உள்ளே பொட்டுப் பொட்டாக ஒளி மின்னும். பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருளை இத்தனூண்டு வைத்திருந்தார்கள்.

தம்பி: கதிரியக்கப் பொருளைத் தபாலில் பிள்ளைகளுக்கு அனுப்பினார்களா?

அக்கா: வெளியே வராதபடி அடைத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் 138 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும்.

தம்பி: "பரிசு வந்து சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்" என்று போடுவார்களே, அந்த எட்டு வாரத்தையும் கழித்துப் பார். பிள்ளை வாசலில் காத்திருக்கும்போதே பரிசு தேய்ந்துகொண்டிருக்கிறது. இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அக்கா: இதற்கே மலைத்தால், நிலம் கொடுத்த கதைக்கு என்ன செய்வாய்? 1955-இல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி கனடாவின் யூகான் பகுதியில் 19 ஏக்கருக்குச் சற்று அதிகமாக நிலம் வாங்கி, அதில் சதுர அங்குலம் சதுர அங்குலமாகப் பிரித்து, 2 கோடியே 10 லட்சம் பத்திரங்களை அச்சிட்டுத் தானியப் பெட்டிகளுக்குள் போட்டது. ஒரு பெட்டி வாங்கினால் ஓர் அங்குல நிலத்துக்கு நீ சொந்தக்காரன்.

தம்பி: பத்திரங்கள் பதிவாயினவா?

அக்கா: பதிவு செய்யவில்லை.

தம்பி: கனிம உரிமை யாருக்கு?

அக்கா: உனக்கு இல்லை. ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. ஒரு சிறுவன் நான்கு பல்குத்தும் குச்சிகளை அனுப்பி, தன் நிலத்துக்கு வேலி போட்டுத் தரும்படி கேட்டானாம். இன்னொருவர் 10,800 பத்திரங்களைச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் 75 சதுர அடியாக மாற்றித் தரச் சொன்னாராம்.

தம்பி: அவருடைய கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. 10,800-ஐ 144-ஆல் வகுத்தால் சரியாக 75 வருகிறது. நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது?

அக்கா: 37 டாலர் 20 சென்ட் வரி பாக்கிக்காக 1965-இல் கனடா அரசு எடுத்துக்கொண்டது.

தம்பி: அக்கா, வயிறு எரிகிறது! 2 கோடியே 10 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒரு டாலரில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட வராதே! ஒருவன் அனுப்பிய பல்குத்தும் குச்சியை விற்றிருந்தால்கூட ஊரே தப்பித்திருக்கும்.

அக்கா: தணிக்கைக்காரனுக்குப் பிடித்த இன்னொன்றும் இருக்கிறது. 1996-இல் பெப்சி கம்பெனி, பாட்டில்களில் புள்ளி சேர்த்தால் சட்டை, ஜாக்கெட் என்று விளம்பரம் செய்துவிட்டு, கடைசியில் 70 லட்சம் புள்ளிகளுக்குப் போர்விமானம் என்று வேடிக்கையாகக் காட்டியது. புள்ளிகளைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்ற விதியை ஒரு மாணவர் பொடி எழுத்தில் படித்துவிட்டார். பதினைந்து புள்ளிகளை ஒட்டி, மீதிக்குப் புள்ளி 10 சென்ட் வீதம் கணக்கிட்டு, 7,00,008 டாலர் 50 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவிட்டார்.

தம்பி: கூட்டிப் பார்க்கிறேன், இரு. புள்ளிகளுக்கு 6,99,998 டாலர் 50 சென்ட்தான் வருகிறது. மீதிப் பத்து டாலர் எதற்கு?

அக்கா: விமானத்தைக் கட்டி அனுப்பும் செலவு. அதற்குப் பத்து டாலர் என்று விதியில் இருந்தது. வழக்கு நடந்து, அது விளையாட்டுக்குச் சொன்னது என்று 1999-இல் தீர்ப்பாகிவிட்டது.

தம்பி: நல்ல வேளையாக உன் கையில் அந்த விளம்பரம் சிக்கவில்லை. சித்தி வீட்டு முகவரியில் உனக்கு இன்னொரு விமானம் வந்திருக்கும்.

அக்கா: ஒரு வீட்டுக்கு ஒரு பரிசுதான் என்று அவர்கள் விதி போட்டால் நான் வேறு என்ன செய்வது? ஆனால் சித்தி முகவரிக்கு வந்த எதையும் சித்தி என்னிடம் கொடுத்ததில்லை. இன்றுவரை அவர் வீட்டு அலமாரியில் என்னுடைய தொலைநோக்கி இருக்கிறது.

தம்பி: அக்கா, பேச்சுவாக்கில் ஒரு கணக்கு இடிக்கிறது. குளியலறையில் உறையில்லாத சோப்புகள் ஐந்து. நோட்டுக்குள் இருக்கும் உறைகள் பதின்மூன்று. நாங்கள் இதற்கு முன்பு வாங்கிக்கொண்டிருந்தது வேறு சோப்பு. மீதி எட்டு உறைகளுக்கான சோப்புகள் எங்கே இருக்கின்றன?

அக்கா: (சற்று நேரம் கழித்து) என் குளியலறையில் இருக்கின்றன.

தம்பி: அதுதானே பார்த்தேன்! போன வாரம் அத்தை அனுப்பிய கதைப்புத்தகம் என்று ஒரு தடித்த பார்சல் வந்தது.

அக்கா: கதைப்புத்தகமும் அதில் இருந்தது. அதை விடு, விண்ணப்பத்தில் வாசகம் எழுதும் இடம் இருக்கிறதா? வெறுமனே குலுக்கல் முறையில் பெரிய பரிசு கொடுத்தால் அது லாட்டரி ஆகிவிடும் என்பதால், பல நாடுகளில் சட்டத்துக்குப் பயந்து, திறமைக்குத்தான் பரிசு என்று காட்ட ஒரு வாசகம் எழுதச் சொல்வார்கள். கோட்டை விட்டுவிடாதே.

தம்பி: இருக்கிறது. கைக்கடிகாரம் எல்லோருக்கும், சிறந்த வாசகத்துக்குக் கணினி. "இந்தச் சோப்பை நான் விரும்புவதற்குக் காரணம்" என்று தொடங்கி, மொத்தம் 15 சொற்களுக்கு மிகாமல் முடிக்க வேண்டும்.

அக்கா: அன்றைக்கும் இதே பதினைந்துதான்! வெண்பாவுக்கும் பதினைந்து சீர்தானே என்று அப்பா உட்கார்ந்து பல்பொடியைப் பற்றி ஒரு நேரிசை வெண்பா எழுதிக் கொடுத்தார். தளை தட்டாமல் போய்ச் சேர்ந்தது, பதில்தான் வரவில்லை. பல்பொடிக் கம்பெனியில் யாப்பு தெரிந்தவர் எவரும் இல்லை என்று அப்பா கடைசிவரை வருத்தப்பட்டார். சரி, குழந்தை என்ன எழுதியிருக்கிறாள்?

தம்பி: வாசிக்கிறேன், கேள். "இந்தச் சோப்பை நான் விரும்புவதற்குக் காரணம், இன்னும் ஏழு உறைதான் பாக்கி."

அக்கா: ஒன்பது சொற்கள்தான் வருகின்றன. "அப்பாவும் இனி இருவேளை குளிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று சேர்க்கச் சொல். பதினைந்து சரியாக வரும்.