அடிக்கோட்டை ஏன் எடுத்தீர்கள்?

நேற்று ஒரு விண்ணப்பத்துக்காக அரை மணி நேரம் ஒரே இணையப் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். ‘படிவத்தை இங்கே பெறலாம்’ என்று போட்டிருக்கிறது. எங்கே? எனக்கு எல்லாமே கறுப்பு எழுத்துதான். மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, அந்த ‘இங்கே’ மட்டும் சிவப்பா இருக்கே” என்கிறாள். அடர் சிவப்பு. சிவப்பு, பச்சை பிரியாத என் கண்ணுக்கு அது கறுப்பேதான்.

கணினி என்றால் சொல் சொல்லாக மவுஸை நகர்த்தி, அம்பு எங்கே கையாக மாறுகிறது என்று தேடலாம். போனில்? கட்டைவிரலால் வரிவரியாகக் குத்த வேண்டியதுதான்.

இப்படி அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும் இணைப்புச் சொற்களுக்கு அடிக்கோட்டை பிரௌசரே போட்டுத் தருகிறது. தளத்தை வடிவமைப்பவர்கள் வேலை மெனக்கெட்டு ஒரு வரி நிரல் எழுதி அதை நீக்குகிறார்கள், அழகாக இல்லையாம். யாருக்கு அழகு? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் இணைய அணுகல் நெறிமுறை 1999-லேயே சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

சரி, படிவம் ஒருவழியாகத் திறந்தது. முதல் வரி: ‘சிவப்பில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும்.’