கேட் திறந்திருந்தால் ரயில் வராது என்பது சரியல்ல

"ஆளில்லா ரயில்வே கேட்டுகளை எல்லாம் ஒழித்துவிட்டார்கள். இனி கேட் திறந்திருந்தால் ரயில் வராது, சிக்னலே விழாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி ஏறக்குறைய சரி. அகலப் பாதையில் (பிராட்கேஜ்) ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு முடிந்தன. இரண்டாம் பாதியை நம்பி யாரும் வண்டியை ஓட்டிவிடக் கூடாது.

கேட் கீப்பர் இருப்பது வேறு, கேட்டும் சிக்னலும் இன்டர்லாக்கிங் முறையில் பிணைக்கப்பட்டிருப்பது வேறு. பிணைப்பு உள்ள இடத்தில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கான சிக்னல் சிவப்பிலிருந்து மாறும். பிணைப்பு இல்லாத இடத்தில் எல்லாமே ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொங்குகிறது. ரயில் வருவதை ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ல வேண்டும். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, அதற்குச் சான்றாக ஒரு ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். அதை இருவரும் பதிவேட்டில் எழுத வேண்டும். மூடாமலே எண்ணைச் சொல்லிவிட்டால் தடுக்க எந்தக் கருவியும் இல்லை.

கடலூர் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அது இப்படிப் பிணைப்பில்லாத கேட்தான். அங்கே ஆளும் இருந்தார். அதன் பிறகே, பிணைப்புக்கான போக்குவரத்து அளவுகோலை (ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கிய கணக்கு) 20,000 அலகிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். அதற்குக் கீழே உள்ள கிராமத்துக் கேட்டுகளுக்கு அந்த அளவுகோல் இன்னும் எட்டவில்லை. பள்ளி வேன்கள் அந்த வழியிலும் போகின்றன. தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள்.