கெமிஸ்ட்ரி படிக்க லோன் போடலாமா?

நேற்று ராத்திரி சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி, பாப்பாவுக்கு பி.எஸ்சி கெமிஸ்ட்ரி சீட் கெடச்சிருக்குப்பா. தனியார் காலேஜ், ஹாஸ்டலோட வருஷம் ஒண்ணேகால் லட்சம். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம பேங்க்ல தர்றாங்களாம். போட்டுறலாமா?"

வேண்டாம் சித்தப்பா என்றேன். அவருக்கு முகம் சுண்டியிருக்கும். கெமிஸ்ட்ரி படித்து, லோன் போட்டு, இன்றைக்கு மருந்துக் கம்பெனி க்யூசி லேபில், அதாவது தரம் சோதிக்கிற லேபில், உட்கார்ந்திருக்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று. உட்கார்ந்திருப்பதால்தான் சொல்கிறேன்.

என் கதை இது. பி.எஸ்சி அரசுக் கல்லூரி, பைசா கடன் இல்லை. எம்.எஸ்சிக்குத்தான் ஆசைப்பட்டு ஒரு தனியார் கல்லூரி. வருஷத்துக்கு ஒன்றரை லட்சமாக 3 லட்சம் லோன், வட்டி 10.5 சதவீதம். படிக்கிற காலமும் முடித்து ஒரு வருஷமும் கட்ட வேண்டாம் என்றார்கள். கட்ட வேண்டாம்தான், ஆனால் வட்டி தூங்காதே. தனிவட்டியாக ஏறி, தவணை ஆரம்பித்த அன்று கணக்கில் நின்றது 3,78,750 ரூபாய். 7 வருஷம், மாதம் சுமார் 6,400. கூட்டிப் பார்த்தால் 5 லட்சத்து 36 ஆயிரம் சொச்சம்.

என் பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் பி.எஸ்சி முடித்த கையோடு ஆலத்தூர் மருந்துக் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னி கெமிஸ்டாகப் போய்விட்டான். 13 ஆயிரம் சம்பளம், கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு. நான் எம்.எஸ்சியை முடித்து வேலை தேடி நின்றபோது அவன் 19 ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தான். எனக்குக் கொடுத்தது 17.

ஏன் 17 என்று அந்த இன்டர்வியூவிலேயே தெரிந்துவிட்டது. மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கிற மெஷின் எச்பிஎல்சி. அதற்குள் ஓடுகிற திரவம் மொபைல் ஃபேஸ், அதில் கரைந்த காற்றை எடுப்பது டீகேஸ். "எச்பிஎல்சியில மொபைல் ஃபேஸை ஏன் டீகேஸ் பண்றோம்?" குமிழி உள்ளே போனால் பம்ப் பிரஷர் நிற்காது, கிராஃபில் பேஸ்லைன் ஆடும் என்று கடகடவென்று ஒப்பித்தேன். "சரி, காலத்தை (column) மாட்டும்போது என்ன பார்ப்பீங்க?" முழித்தேன். காலம் என்கிற அந்த ஸ்டீல் குழாயின் மேல் ஓட்டம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கும். கையில் எடுத்தவனுக்கு ஒரு நிமிஷ விஷயம். எங்கள் கல்லூரியில் அந்த மெஷின் கண்ணாடி ரூமுக்குள் உறை போட்டுக் கிடந்தது. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வந்த அன்றுதான் உறையைக் கழற்றினார்கள். 3 லட்சம் கடன் வாங்கி நான் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்திருக்கிறேன்!

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் இடம் கிடைத்தது. அதிலிருந்து பிஎச்.டிக்குப் போயிருக்கலாம். உதவித்தொகை என் சம்பளத்தைவிடக் குறைவு, தவணையோ மாதம் தவறாமல் 5ஆம் தேதி கழியும். அப்பாவும் கடனில் கையெழுத்துப் போட்டவர். போகவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த லோனின் விலை வட்டி இல்லை, அந்த இடம்தான்.

கெமிஸ்ட்ரி சீக்கிரம் காய்க்கிற மரம் இல்லை. பலாக்கன்று வைக்க மாதத் தவணைக்குக் கடன் வாங்கினவனை எங்கள் பண்ருட்டிப் பக்கம் நான் பார்த்ததில்லை. இந்தப் படிப்பில் காசு வருகிற இடமெல்லாம் தள்ளித்தான் இருக்கிறது. சிஎஸ்ஐஆர் நெட் என்கிற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. படிக்கிறதுக்கு அவர்களே காசு கொடுக்கிறார்கள்! ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். தவணைக்காரன் விடமாட்டான்.

"அப்ப காசில்லாத பிள்ளை எம்.எஸ்சி படிக்கக் கூடாதா?" என்று கமென்டில் கேட்பீர்கள். படிக்கட்டும். ஜாம் (JAM) என்கிற எம்.எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்குப் போகிற பிள்ளை லோன் போட்டால் நானே சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன். பேர் தெரியாத இடத்துக்கு, அதுவும் முதல் டிகிரிக்கே போடாதீர்கள் என்கிறேன். வட்டி மானியம் இருக்கிறதே என்பார்கள். படிக்கிற காலத்து வட்டியை முழுசாக ஏற்கிற மத்திய அரசுத் திட்டம் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு வகுத்தது, சாதா பி.எஸ்சிக்கு அதை நம்பி இறங்காதீர்கள். கட்டுகிற கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இ சலுகை என்று இன்னொன்று. 17 ஆயிரம் சம்பளக்காரனுக்கு வரியே கிடையாது, அதில் சலுகை எங்கே!

ஏற்கெனவே லோன் போட்டாச்சு என்கிறவர்களுக்கு: படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 1,312 ரூபாய்தான் வரும். சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் கட்டிவிடலாம், அசல் வீங்காது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாப்பா ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் எங்கே சேர்ந்தாலும் வரும். கடலூர் பெரியார் அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். "அங்கன்னா காலையில ஏழு மணி பஸ்ஸைப் புடிக்கணுமேப்பா" என்றார் சித்தப்பா. போனைப் பிடுங்கி, "நான் புடிச்சுக்கிறேண்ணா" என்றாள் அவள்.

வியாழக்கிழமை இரண்டு கல்லூரிக்கும் போகிறார்கள். ஃபீஸ் கவுன்ட்டருக்கு அப்புறம் போகலாம், முதலில் லேபுக்குப் போய், மெஷினைப் பிள்ளைகள் தொடுகிறார்களா என்று மூணாம் வருஷத்துப் பிள்ளையிடம் கேள் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.