12 வோல்ட்டுக்கு மெல்லிய வயர் போதாது

"12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போகுது? வீட்டு வயரிங்குல மிஞ்சின 1 சதுர மி.மீ. வயரே கேம்பிங் டிரெய்லருக்கு (காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய்த் தங்குற வண்டி) போதும்"னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. ஷாக் அடிக்காதுங்கிறது சரி. மத்தது தப்பு.

வயர் சூடாகுறது ஆம்பியரால. 60 வாட் பிரிட்ஜ் 230 வோல்ட்டுல கால் ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டுல 5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி பிரிட்ஜ் இருந்தா, போக வர 10 மீட்டர் வயர். அது 1 சதுர மி.மீ. வயரா இருந்தா, அதுலயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போயிடும். பேட்டரியில பாதி சார்ஜ் இருக்கும்போதே வோல்ட் பத்தாம பிரிட்ஜ் நின்னுடலாம். உடனே பேட்டரியைத் திட்டி மாத்துவோம். நானும் மாத்தினவன்தான்! 4 சதுர மி.மீ. வயர் போட்டா இழப்பு 0.22 வோல்ட்தான்.

ஃபியூஸ் காப்பாத்துறது வயரை. அதனால பிரிட்ஜ் பக்கத்துல வேண்டாம், பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒரு சாணுக்குள்ள வைங்க.

முட்டம், குளச்சல் பக்கம் நிறுத்தினா உப்புக்காத்து வேற. என் வண்டியில ஒரு லக்கை (வயர் முனையில மாட்டுற உலோக வளையம்) பிரிச்சா செம்பு பச்சை பூத்து, தொட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. வெள்ளீயம் பூசின செம்பு வயர்தான் நல்லது. படகு வயரிங் பண்றவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.