சருகு குப்பை இல்லீங்க

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஏரிக்கரைப் பூங்காவில் நடந்ததை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீங்க. தூய்மைப் பணி என்று வந்தவர்கள் சருகையெல்லாம் கூட்டி, மூன்று புங்க மரங்களின் தூரிலேயே குவித்துக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கோபத்தில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்தேன். நேற்று குழுவில் ஒருவர் கேட்டார்: "இலையைத்தானே எரிச்சாங்க, மரத்தையா எரிச்சாங்க?"

மரத்தைத்தான் எரிச்சாங்க. பட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஈரமான பச்சைப் படலம் வழியாகத்தான் இலை தயாரித்த உணவு வேருக்கு இறங்குகிறது. சுமார் 60 டிகிரி சூடு ஏறினாலே அது செத்துவிடும். புங்கனுக்குப் பட்டையும் அவ்வளவு தடிமன் கிடையாது. சேதம் உடனே தெரியாது என்பதுதான் வயிற்றெரிச்சல். பங்குனியில் வழக்கம்போலத் துளிர்க்கும், கட்டையிலும் வேரிலும் சேமிப்பு இருக்கிறதே. அது தீர்ந்ததும் வேர் பட்டினி கிடந்து, இந்தக் கோடையிலோ அடுத்த கோடையிலோ ஒரு பக்கம் காயும். அப்போது "மரத்துக்கு நோய்" என்று சொல்லி வெட்ட ஆள் வரும்.

சருகு குப்பை இல்லை. சேலம் வெயிலில் நம் செம்மண் இறுகிப் போகாமல் காப்பதே அதுதான். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் காபித் தோட்டத்துக்குள் ஒரு தடவை குனிந்து பாருங்கள். சில்வர் ஓக் இலை மெத்தை மாதிரிக் கிடக்கும், கையால் விலக்கினால் கீழே ஈரம் இருக்கும். அதை யாரும் கூட்டிக் கொளுத்துவதில்லை.

"சருகு கிடந்தா பாம்பு வருமே" என்பீர்கள். நியாயமான பயம்தான். குழந்தைகள் வரும் இடம். அதற்கு நடைபாதையிலும் அதன் இருபுறம் மூன்றடியிலும் மட்டும் கூட்டினால் போதும். பாம்பு எலிக்குத்தான் வருகிறது, எலி நாம் போடும் தின்பண்ட மிச்சத்துக்கு வருகிறது. கொசு வருமா? டெங்குக் கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். புதருக்குள் கிடக்கும் டீ கப்பையும் கொட்டாங்குச்சியையும் பொறுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அன்றைக்கு அவற்றைப் பொறுக்கவில்லை. சருகோடு சேர்த்து எரித்தார்கள்.

"சும்மா குறை சொல்லாதீங்க, வழி சொல்லுங்க" என்கிறீர்கள். பல தடவை சொல்லியாச்சு, இன்னொரு தடவை சொல்கிறேன். சருகை மக்க வைக்க, நாலடி உயர வெல்டு மெஷ் (கம்பி வலை) 13 அடி வாங்கி வளைத்துக் கட்டினால் நாலடி அகலக் கூண்டு கிடைக்கும். அடியில் சிமென்ட் போடக்கூடாது, மண்ணிலிருந்து புழு ஏற வேண்டும். அரையடிச் சருகு, அதன்மேல் சாணிக் கரைசல் (10 கிலோ சாணிக்கு 50 லிட்டர் தண்ணீர்), மறுபடி சருகு என்று அடுக்கி, காலால் லேசாக மிதித்துவிட வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை கிளறினால் புங்கன், வேம்பு இலை நாலைந்து மாதத்தில் மக்கிவிடும். தேக்கு இலை இழுக்கும். போன முறை கூண்டு வேலை செய்யவில்லை என்கிறார்களே, தண்ணீர் விடவே இல்லை! காய்ந்தால் கறையான் வரும், மக்காது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் பதம். ஒழுகினால் அதிகம், நாறும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் பொது இடத்தில் கழிவை எரிக்கத் தடை இருந்தது. அதே வருடம் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அபராதம் யாருக்கு வேண்டும்? மரம்தான் வேண்டும்.

இன்னொன்று. தூய்மைப் பணியாளர்கள் மேல் பழி போடாதீர்கள். தீ வைத்தது அவர்கள் இல்லை, அன்று ஒரு நாளுக்கு வந்தவர்கள். தினமும் அந்தப் பூங்காவில் நிற்கிற அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பார்கள். இந்த ஊரில் வேலை தெரிந்தவர்களிடம் யாருமே கேட்பதில்லை.

மூக்கனேரி இதே ஊரில்தானே இருக்கிறது? 2010-இல் சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் கூட இருந்த மக்களும் தூர்வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டவில்லை. ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். இன்றைக்கு அதில் பறவை அடைகிறது. வேண்டாம் என்று ஒதுக்குவதை வைத்தே ஒரு ஏரியை மீட்ட ஊரில், மரம் தன் காலடியில் போட்டதைக் கொளுத்துகிறோம். வலிக்கிறது.

மூன்று புங்கனுக்கும் இப்போது செய்ய வேண்டியது: சாம்பலை அள்ளிவிடுங்கள். கருகிய பட்டையை உரிக்காதீர்கள், தார், பெயின்ட் எதுவும் பூசாதீர்கள், யூரியா வேண்டாம். நகத்தால் அங்கங்கே லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் போய்விட்டது. சுற்றளவில் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். வாரம் 10 குடம் தண்ணீர், தூரில் இல்லை, கிளை விரிந்து நிற்கும் ஓரத்தில். அங்கே மூன்று நாலு அங்குலம் சருகு பரப்புங்கள், தூரை ஒட்டி ஒரு சாண் விட்டு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன். குடம் கொண்டு வாருங்கள். துடைப்பம் வேண்டாம்.